வராத பிழை

வர வேண்டிய பிழை வரவில்லை.

ஜெயஸ்ரீ மறுபடியும் தட்டிப் பார்த்தாள். தங்கபுஷ்பம் என்ற பெயரை எழுத்துப் பிசகாமல் அடித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்தாள். அப்படி ஒரு பெயரே கிடையாது என்று திரை சிவப்பு எழுத்தில் சீற வேண்டும். சீறவில்லை. வெகு மரியாதையாகப் பதில் சொன்னது.

தங்கபுஷ்பம் = இரண்டாம் மாடிப் படி

"ஏன் இப்படி உயிரை வாங்குற?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள். ஆபீஸில் கேட்க வேறு ஆள் கிடையாது. காலையிலிருந்து ஊற்றுகிற மழையில் எல்லாரும் வீட்டிலேயே உட்கார்ந்து வேலை செய்வதாகச் சொல்லிவிட்டார்கள். ஆழ்வார்பேட்டையில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே, மூன்றாம் மாடியில், மதியம் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்த அந்த நீளமான அறையில், ஜன்னல் ஏசியின் தகரத்தில் மழை விழும் சத்தமும், கீழேயிருந்து படியேறி வந்த கிராம்பு எண்ணெய் வாசனையும், ஈரச்சுவரின் பூஞ்சை வாசனையும், காலி நாற்காலிகளின் நிழல்களும்தான் அவளுக்குத் துணை.

அவர்கள் செய்வது ஒரு டீபக்கர். பாலிடெக்னிக் பிள்ளைகளுக்காகத் தமிழில் செய்கிறார்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஓடுகிற புரோகிராமைப் பாதியில் பிடித்து நிறுத்தி, 'இந்தப் பெயருக்குள் இப்போது என்ன இருக்கிறது?' என்று கேட்கலாம். பெயர் புரோகிராமுக்குள் இருந்தால் அதன் மதிப்பைச் சொல்லும். இல்லாவிட்டால் பிழைச் செய்தி காட்டும். அந்தச் செய்திகளின் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை என்று பிள்ளைகள் புகார் எழுதியதில், அத்தனையையும் திருத்துகிற வேலை ஜெயஸ்ரீயின் தலையில் விழுந்தது. பிழைச் செய்தியைத் திருத்த வேண்டுமானால் முதலில் பிழை செய்ய வேண்டும். நாள் முழுக்க வேண்டுமென்றே தப்பாகக் கேட்டுக்கொண்டே இருப்பதற்குச் சம்பளம் என்று சொன்னால் அம்மா சிரிப்பாள்.

இல்லாத பெயர் வேண்டுமென்றால் அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. கண்ணில் படுகிற ஆள், மனசில் வருகிற ஆள், யார் பெயரையாவது போட்டுவிடுவார்கள். இரண்டு எண்ணைக் கூட்டிச் சொல்லும் ஒரு மாணவனின் புரோகிராமுக்குள் டீ கொண்டுவரும் தங்கபுஷ்பத்துக்கு என்ன வேலை?

கதவு திறந்தது. இஞ்சி வாசனை முன்னால் வர, ஃபிளாஸ்க்கை இடுப்பில் அணைத்தபடி தங்கபுஷ்பம் வந்தாள். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள்; மழை அவளுக்கு லீவு கொடுக்கவில்லை.

"லேட்டாயிருச்சு மேடம். ரெண்டாவது மாடில பெனாயிலக் கொட்டி வெச்சிருக்கானுங்க, படியெல்லாம் வழுக்குது. அங்கியே நின்னுக்கினு இருந்தேன்."

ஜெயஸ்ரீ டீயை வாங்கிக்கொண்டாள். திரையை இன்னொரு தரம் பார்த்தாள்.  இது ஷரீஃப் வேலை. அவன்தான் கூட வேலை செய்கிறவன், குறும்புக்காரன். படியில் கேமரா இருக்கிறது, அதை இதோடு இணைத்து விளையாடுகிறான். அவன் பெயரையும் அடித்தாள்.

ஷரீஃப் = டி.டி.கே. சாலை, பாலத்தடி

ஃபோன் போட்டாள். "எங்கடா இருக்க?"

"பாலத்துக்குக் கீழ ஒதுங்கிக்கினு கீறேன்க்கா. இன்னா மழை! பைக் வேற ஆஃப் ஆயிருச்சு."

"விளையாடாத ஷரீஃப். பெயர்த் தேடல்ல என்ன பண்ணி வெச்சிருக்க?"

"நான் இன்னாக்கா பண்ணேன்? அந்த ஃபைலத் தொட்டே ஒரு மாசம் ஆவுது. சத்தியமா. ஜவஹர் சார் ஆறு மணிக்கு பில்டு கேட்டாரு, பாத்துக்கோ. இந்த வாட்டியும் சொதப்புனா டீமையே கலைச்சுருவாராம்."

வைத்துவிட்டாள். மேனேஜர் ஜவஹரின் செய்திகள் திரையோரத்தில் வரிசையாக மின்னிக்கொண்டிருந்தன. 'ஆச்சா?' 'எனி அப்டேட்?' 'ஆச்சா?' ஆகவில்லை சார். உங்கள் டீபக்கருக்கு ஊரில் உள்ளவர்கள் இருக்குமிடமெல்லாம் தெரிகிறது, பிழை சொல்ல மட்டும் தெரியவில்லை.

டீபக்கரின் நிரலைத் திறந்து வரி வரியாகப் படித்தாள். பெயரைத் தேடும்போது டீபக்கர் முதலில் மிக உள்ளே இருக்கிற வட்டத்தில் பார்க்கும். அங்கே கிடைக்காவிட்டால் அடுத்த வட்டம். அப்புறம் மொத்தப் புரோகிராம். அதுதான் கடைசி வட்டம். அங்கேயும் கிடைக்காவிட்டால் நின்று, பிழை சொல்ல வேண்டும். 'நில்' என்று சொல்கிற அந்த ஒரு வரியைக் காணோம். எவரோ எப்போதோ அழித்துவிட்டார்கள். அதனால் தேடல் நிற்காமல் வெளியே போய்க்கொண்டே இருந்தது. புரோகிராமுக்கு வெளியே. அதற்கும் வெளியே. அங்கே தேடுவதற்கு என்ன இருக்கிறது, அங்கிருந்து பதில் சொல்வது யார் என்று யோசிக்க ஆரம்பித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள். மணி ஐந்தரை தாண்டிவிட்டது.

கணவன் விஜயராகவன் ஃபோனில் கூப்பிட்டான். மழைக்கு ஸ்கூல் லீவு என்பதால் மயிலாப்பூர் வீட்டில் மகள் கீர்த்தியைப் பார்த்துக்கொண்டு வேலை செய்கிறான்.

"ஜெயா, சர்க்கரை எங்க வெச்சிருக்க? குழந்தை பால் கேக்கறா."

"சர்க்கரை இல்ல."

"ஆத்துல விளக்கேத்தற நேரத்துல இல்லைன்னு சொல்லாதேயேன். வாங்கணும்னு சொல்லு. அஸ்து தேவதை சுத்திண்டே இருக்கும், அப்படியே ஆகட்டும்னுடும்."

"உங்க வீட்டு தேவதைக்கு வேற வேலையே கிடையாதா?" என்றாள். அவளுக்கு இருந்த கடுப்பில் வார்த்தை சூடாகவே விழுந்தது. பின்னாலிருந்து கீர்த்தி, "அம்மா, நான் யானை வரைஞ்சேன், தும்பிக்கை பேப்பர விட்டு வெளில போயிடுத்து!" என்று கத்தினாள். ஆறு வயசு. அந்தக் குரலைக் கேட்டதும் கடுப்பு கொஞ்சம் இறங்கியது. நைட்டு வந்து பார்க்கிறேன் கண்ணா என்று சொல்லி வைத்தாள்.

'நில்' வரியை எழுதினாள். செய்தியையும் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி, சுற்றி வளைக்காமல், நறுக்கென்று எழுதினாள்: இந்தப் பெயரில் யாரும் இல்லை, எதுவும் இல்லை. திருத்தியதையெல்லாம் சேர்த்துக் கட்டுகிற பில்டு ஓடி முடிந்ததும் தங்கபுஷ்பம் என்று அடித்தாள்.

தங்கபுஷ்பம்: இந்தப் பெயரில் யாரும் இல்லை, எதுவும் இல்லை.

"அப்பாடா!" காலையிலிருந்து இழுத்தடித்த பிழை ஒருவழியாக வந்து சேர்ந்தது. சந்தோஷத்தில் முழுச் சோதனையையும் முடுக்கிவிட்டாள். இத்தனை மாதமாக டீம் சேர்த்துவைத்த பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பிழை ஒழுங்காக வருகிறதா என்று சர்வர் தானே பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு பெயருக்கும் சில நிமிஷம் பிடிக்கும். அதற்குள் இன்னொரு டீ குடிக்கலாம் என்று எழுந்தாள்.

மேஜை மேல் டீ டம்ளர் இல்லை. அது வைத்த ஈர வட்டமும் இல்லை.

"தங்கம்க்கா?"

ஆபீஸில் இஞ்சி வாசனையும் இல்லை. பேன்ட்ரியில், தங்கபுஷ்பம் ஃபிளாஸ்க் வைக்கும் மூலையில், பட்டனைத் தட்டினால் டீ ஊற்றும் ஒரு மிஷின் நின்றது. இன்று வந்த மிஷின் என்றுகூடச் சொல்ல முடியாது. அதன் காலடியில் தரை நிறம் மாறி, ஒயரில் அழுக்குப் பிசுக்கேறி, பின்சுவரில் ஆவி பட்டுப் பட்டுப் பெயிண்ட் உரிந்திருந்தது.  பிறகு படி இறங்கி வாட்ச்மேன் கோதண்டபாணியிடம் போனாள்.

"தங்கபுஷ்பம் கீழ வந்தாங்களா அண்ணே?"

"யாரு மேடம்?"

"டீ கொண்டாருவாங்களே."

"டீக்குத்தான் மிஷின் கீதே. நான் வந்த நாள்லேர்ந்து மிஷின்தான்." கோதண்டபாணி அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "இன்னா மேடம், ஒடம்பு சரியில்லியா?"

அவர் குடித்திருக்கிறாரோ என்று மோந்துகூடப் பார்த்தாள். சுண்ணாம்பும் வெற்றிலையும்தான் மணத்தது. மேலே ஏறினாள். இரண்டாம் மாடிப் படி காய்ந்து கிடந்தது, பெனாயில் வாடையே இல்லை.

திரையில் சோதனை ஓடிக்கொண்டிருந்தது.

தங்கபுஷ்பம்: தேறியது.
ஜவஹர்: தேறியது.
ஷரீஃப்: தேறியது.

திரையோரத்தில் 'ஆச்சா?'க்கள் ஒன்றையும் காணோம். செய்தி அனுப்புகிறவர்கள் பட்டியலில் ஜவஹர் என்ற ஆளே கிடையாது. ஷரீஃபுக்கு ஃபோன் போட்டாள். நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு பெண்குரல். அவன் உட்காருகிற இடத்தில் நாற்காலி இல்லை. மேஜை இல்லை. அங்கே சுவர் இருந்தது.

சுவர். அதில் பழைய ஆணி. ஆணியில் போன வருஷக் காலண்டர்.

 இல்லை என்று சொல்லச் சொன்னவள் அவள். இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அப்படியே ஆகிக்கொண்டிருக்கிறது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சோதனைப் பெயர்களோடு போன வாரம், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆசையாக, கீர்த்தி என்று சேர்த்தது அவளேதான்.

நிறுத்து என்று அடித்தாள்.

நிறுத்த முடியவில்லை. இந்தச் சோதனையை வேறொருவர் ஏற்கெனவே பிடித்திருக்கிறார்.

அதுவும் அவள் எழுதிய செய்திதான். ஒரு புரோகிராமை ஒரே நேரத்தில் இரண்டு பேர் பிடிக்க முடியாது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறோம் என்று அன்றைக்குத் தன்னையே மெச்சிக்கொண்டாள். இப்போது அதையே இரண்டு தரம் படித்தாள். யார் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்டாள்.

அதைக் காண உங்களுக்கு அனுமதி இல்லை.

"ஐயோ, என்ன எழவு செய்தி இது! யாருன்னு சொல்லேன்!" மேஜையைக் குத்தினாள். பிளக்கைப் பிடுங்கிப் பிரயோஜனம் இல்லை; சோதனை ஓடுவது எங்கோ இருக்கிற சர்வரில். புதிதாக எழுதிய வரியை அழித்தாலும் இப்போது ஓடுகிறதை அது தொடாது. தொடக்கூடியது ஒன்றே ஒன்றுதான். செய்திகள் தனி ஃபைலில் இருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் டீபக்கர் அதைப் புதிதாகத் திறந்து படிக்கும். வார்த்தையை மாற்றலாம்.

பேச்சியம்மாள்: தேறியது.

பேச்சியம்மாள் யார்? அவளுக்குத் தெரியவில்லை. டீமில் எவனுக்கோ வேண்டப்பட்டவளாக இருக்கும். ஆனால் அந்தப் பெயரைப் பார்த்ததும் ஏதோ ஞாபகம் வரப் பார்த்தது. தி.நகரில் ஒரு வீடு, மருதாணி வாசனை, யாரோ தலை வாரிவிட்ட மாதிரி. பிடிக்குமுன் நழுவிப் போயிற்று. யோசிக்க நேரம் இல்லை.

ஃபைலைத் திறந்து, இல்லை என்பதை அழித்து, 'இந்தப் பெயரில் ஒருவர் இருக்கிறார்' என்று அடித்தாள்.

சேமிக்கப்படவில்லை. பிழைச் செய்தி பிழையைத் தெரிவிக்கவில்லை.

அந்த விதியும் அவளுடையது. எவனாவது சோம்பேறித்தனமாக அசட்டுச் செய்தி எழுதிவிடக் கூடாதென்று, தேடிய பெயர் இங்கே இருப்பதாகச் சொல்லும் எதையும் ஏற்காதே என்று அவளே போட்டது. 'நன்றாக இருக்கிறார்' என்று அடித்தாள். சேமிக்கப்படவில்லை. 'உண்டு.' சேமிக்கப்படவில்லை. வெறுமையாக விட்டுப் பார்க்கலாமா? பெயருக்கு எதிரே ஒன்றுமே இல்லாமல் போனால் என்ன ஆகும்? கை பின்வாங்கியது. விரல்கள் வழுக்கின. தப்புத் தப்பாக அடித்து அழித்தாள். கண்ணீர் முட்டியது, ஆத்திரத்தில்.

கோதண்டபாணி: தேறியது.
கீர்த்தி: ஓடுகிறது…

"இருடீ. இருடீ என் தங்கமே."

இல்லை என்று சொல்லக் கூடாது. இருக்கிறார் என்று சொல்ல விடாது. நடுவில் ஒரு வார்த்தை வேண்டும். போகிறவர்கள் போய்விட்டு வருகிறேன் என்கிறார்களே, அந்த மாதிரி. தேடி வந்தவரிடம் வீட்டில் இருப்பவர்கள் சொல்வார்களே, அந்த மாதிரி. அடித்தாள்.

வெளியே போயிருக்கிறார். வந்துவிடுவார்.

சேமிக்கப்பட்டது.

அடுத்த நொடி திரை நகர்ந்தது.

கீர்த்தி: வெளியே போயிருக்கிறார். வந்துவிடுவார்.
தேறியது.

வீட்டுக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பெருமாளே, எடுக்கட்டும். எடுத்தான்.

"கீர்த்தி… கீர்த்தி எங்க?"

"கீர்த்தியா? வெளில போயிருக்கா. வந்துடுவா."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கீர்த்தியை அவனுக்குத் தெரிகிறது. கீர்த்தி யார் என்று அவன் கேட்கவில்லை. அது போதும். மற்றவர்களையும் விட்டுவிட மனசில்லாமல், முகத்தைத் துடைத்துக்கொண்டு, தங்கபுஷ்பம், ஷரீஃப், ஜவஹர், கோதண்டபாணி, பேச்சியம்மாள் என்று எல்லாப் பெயரையும் மறுபடி கேட்டாள். எல்லாருக்கும் அதே பதில். வெளியே போயிருக்கிறார். வந்துவிடுவார். சுவர் இருந்த இடத்தில் ஷரீஃபின் மேஜை இருந்தது. நினைவும் திரும்பியது: பேச்சியம்மாள் அவள் அம்மா. அம்மாவையா மறந்தோம்?

அம்மா வீட்டுக்கு ஃபோன் போட்டாள். அண்ணன் எடுத்தான்.

"அம்மாட்ட குடு."

"அம்மா வெளிய போயிருக்கா. வந்துருவா."

நிதானமான குரல். முட்டி தேய்ந்து, ஒரு வருஷமாக வாசல்படி இறங்காத அம்மா.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இந்த மழையில், ஆறு வயசுக் குழந்தை, எங்கே போயிருக்கும்? யாரோடு? விஜயராகவன் ஏன் அதைச் சொல்லவில்லை?

அவள் படியில் ஓடினாள். கேட்டில் கோதண்டபாணியின் நாற்காலி காலியாக இருந்தது. அதன் மேல் அவர் துண்டு. பல் டாக்டரின் நர்ஸ் தலையை நீட்டி, கேட்காமலே சொன்னாள்: "வெளிய போய்க்கீறாரு. வந்துருவாரு."

ஆட்டோ மயிலாப்பூருக்குள் முழங்கால் தண்ணீரில் ஊர்ந்தது. லஸ்ஸில் கடைகள் விளக்கேற்றியிருந்தன. அவள் வீட்டுக்கு மறுபடி மறுபடி ஃபோன் போட்டாள். ஒவ்வொரு முறையும் அதே வார்த்தை. அதே இறக்கம். அதே இடத்தில் மூச்சு.

மாடியில் வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. கூடத்தில் விஜயராகவன் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மூன்று தட்டு வைத்திருந்தான். தரையில் கலர் பென்சில்கள், பாதி யானை.

"எங்க என் குழந்தை?" சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "எங்க போனா? யாரு கூட்டிண்டு போனா? எப்ப?"

அவன் அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தான். "வெளில போயிருக்கா. வந்துடுவா."

"விஜய்!"

"வந்துடுவா, ஜெயா."

சொல்லிவிட்டு மறுபடி கதவைப் பார்த்தான். கண் இமைக்கவில்லை.

அப்போது கீழே கேட்டது.

கொலுசு. குழந்தையின் கொலுசு. முதல் படி. இரண்டாவது படி. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கைப்பிடியைத் தட்டிக்கொண்டு ஏறுகிற அதே சத்தம்.

"கீர்த்தி!"

வாசலுக்குப் பாய்ந்தாள். படிக்கட்டில் விளக்கு எரிந்தது. யாரும் இல்லை. சத்தம் மட்டும் ஏறி வந்தது. கூடவே ஈரமும். வெற்றுப் படியில் சின்னக் காலடி ஒன்று பதிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கு மேல்படியில் ஒன்று. இன்னொன்று. கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. மழையில் நனைந்த தலைமுடி வாசனை வந்தது. மூச்சு வாங்குகிற சத்தம். சின்ன மூச்சு. ஏறி வந்த களைப்பு.

கடைசிப் படிக்கு முந்திய படியில் இரண்டு ஈரப் பாதங்கள் சேர்ந்து நின்றன.

ஜெயஸ்ரீ மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். "வா. வாடீ கண்ணா. இன்னும் ஒரு படிதான். வா."

பாதங்கள் காய்ந்தன.

கீழே, முதல் படியில், மறுபடியும் கொலுசு கேட்டது.

அவள் பின்னால் கூடத்தில் விஜயராகவன் மூன்றாவது தட்டில் சூடாகச் சாதம் போட்டுக்கொண்டிருந்தான். தட்டு நிறைந்து, வழிந்து, தரையெல்லாம் சாதம் பரவிக் கிடந்தது. கண்ணைக் கதவிலிருந்து எடுக்காமல் அவன் இன்னும் போட்டுக்கொண்டே இருந்தான்.